கணக்கப்பிள்ளை கொலைகாரரான கதை

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார் ஜெயலெட்சுமி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கும் ஹிஷாம், ஒரே எழுத்தாளரின் துப்பறியும் நாவல்களை இவருக்காகவே எடுத்து வைப்பார். இருண்ட கதைகள். துரத்தலும் துப்பாக்கியும் குறைவு. குற்றம் செய்தவனின் தூங்காத மனசுதான் பாதிப் புத்தகம். “கொழுந்தெடுக்கிறவளுக்கு நாவல் எதுக்கு?” என்று கேட்கும் மேதாவிகளை எனக்குத் தெரியும். மனசு என்ன, தோட்டத் துரைமாருக்கு மட்டும் ஒதுக்கிய பங்களாவா?

வாசித்ததைத் தேத்தண்ணி நேரத்தில் மற்றப் பெண்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வார். நகரத்துப் பாத்திரங்களுக்குத் தோட்டத்து ஆட்களின் பெயரை வைத்துவிடுவது அவர் வழக்கம். இந்தமுறை ஆசை தாங்காமல், முழுதும் வாசிக்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். கதையில் வரும் சாதுவான கடைக்காரனுக்கு, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை புவனேந்திரனின் பெயர். அவருக்கு ஒரே பெருமை. “இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?” என்று தினமும் வந்து நிற்பார்.

கடைசி அத்தியாயத்தில்தான் ஜெயலெட்சுமிக்குத் தெரிந்தது: கொலைகாரன் அந்தக் கடைக்காரன்தான்.

“மாத்திச் சொல்லுக்கா,” என்றாள் பக்கத்து நிரையில் பறிக்கும் சுதர்ஷினி. “கோவம் வந்தா ஒன்னயத் தூரத்து மலைக்குப் பறிக்க அனுப்பிருவாரு. அப்புறம் எங்களுக்கு யாரு கதை சொல்லுவா?”

“பொய்யா முடிக்கிறதுக்கா இத்தன நாள் சொன்னேன்?”

புவனேந்திரன் வந்ததும் ஜெயலெட்சுமி நேராகவே சொன்னார். “நீங்கதாங்கய்யா கொன்னது.”

“நானா? ஏன்?”

“தராசுல கொஞ்சங் கொஞ்சமா களவெடுத்தீங்க. மொதல்ல பயந்து பயந்து எடுத்தீங்க, பெறகு பழகிப்போச்சு. ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாரு.”

அவர்கள் தோட்டத்தில், முள் தெரியும் தராசின் முகம் நிறுப்பவரைத்தான் பார்க்கும். பறித்தவளுக்கு அதன் முதுகு. எந்தச் சட்டம் அப்படி வைத்தது என்று யாரும் சொன்னதில்லை.

“கொன்ன பெறகு நான் தூங்குனேனா?” என்றார் புவனேந்திரன்.

“எங்கய்யா தூங்குனீங்க. அதானே பாதிப் புத்தகம்.”

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சுதர்ஷினி தன் பையைத் தராசில் மாட்டினாள். “கொலைகாரய்யா, தராசக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க.”

மடுவமே சிரித்தது. புவனேந்திரனும் சிரித்துக்கொண்டே திருப்பினார். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பெண்கள் முண்டியடித்தார்கள். மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாளும் திருப்பினார்.

அடுத்த நாவலில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் வேண்டுமாம்.

“மொதல்ல முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேங்கய்யா,” என்றார் ஜெயலெட்சுமி.