கொசுக்கடி என்று சொன்ன தழும்புகள்

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது என் தங்கை லூர்துவின் காலில் வெள்ளைச் சப்பாத்து ஏறவில்லை. அது அவள் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு) வாங்கிய நாளுக்காக எடுத்தது. சில வாரங்களுக்கு முன்புதான் தளர்வாக இருக்கிறதென்று முன்புறம் பஞ்சு வைத்திருந்தோம். அம்மா சப்பாத்துக் கடைக்காரனைத் திட்டினாள். நான் லூர்துவின் முகத்தைப் பார்த்தேன். இமைகள் உப்பி, கண்கள் இரண்டும் கீற்றாகத் தெரிந்தன.

கோயில் வாசலில் பார்த்தவர்களெல்லாம் பிள்ளை பூரித்துவிட்டாள் என்றார்கள். வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். அவித்த முட்டை என்றாள் அம்மா, பெருமை தாங்காமல். இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் ஒல்லியான பிள்ளைக்கு ஒரே வாரத்தில் கன்னத்தில் சதை வைத்தால், தயவுசெய்து மகிழாதீர்கள். சாப்பாட்டால் வந்த சதை காலையில் முகத்திலும் மாலையில் கணுக்காலிலுமாக இடம் மாறுவதில்லை.

மறுநாள் அவளுடைய மூத்திரம் பாலில்லாத கோப்பியின் நிறத்தில் இருந்தது. உடம்புச் சூடு என்று அப்பா இளநீர் வாங்கி வந்தார். சூலியா தெரு மருந்துக் கடையில் ஒரு பொடி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் பேச்சு காற்றோடு போயிற்று.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா டிராம் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, இப்போது அங்கேயே சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். கடிதம் வந்தால் படிக்கவும், கடைக்காரனோடு ஆங்கிலத்தில் வாதாடவும் வீட்டில் நான் வேண்டும். பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் மட்டும் என்னைத் தவிர எல்லாருக்கும் மருத்துவம் தெரியும்.

வயிறும் வீங்கி மூத்திரம் குறைந்த பிறகே ரிக்‌ஷா பிடித்தார்கள். நான் பள்ளியில் இருந்தேன். டிரஸ்ஸர் (புண்ணுக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி உதவியாளர்) மொழிபெயர்க்க, அம்மா பதில் சொல்ல, லூர்து சேர்க்கப்பட்டாள். அந்தச் சில நிமிஷப் பேச்சில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாலையில் நான் போனபோது டாக்டர் அவள் கட்டிலருகே நின்றிருந்தார். வெள்ளைக்காரர், இளவயது. லூர்துவின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். அங்கே ஒரு குழி விழுந்தது. அது மூடவில்லை. டாக்டரும் அம்மாவும் நானும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நெப்ரைட்டிஸ் என்றார். (சிறுநீரகம் புண்பட்டு வீங்குதல். இரத்தத்தை வடிகட்டி மூத்திரத்தைப் பிரிக்கும் இந்த உறுப்பைத்தான் நம்மவர் குண்டிக்காய் என்பார்கள்.) கண்ணாடிக் குழாயில் அவளுடைய மூத்திரத்தை ஊற்றிச் சிறு விளக்கில் காய்ச்சிக் காட்டினார். மேற்பகுதி முட்டை வெள்ளைபோல் வெளுத்துத் திரண்டது. ஆல்புமின் என்றார். (உடம்பில் தங்க வேண்டிய சத்து. வடிகட்டி ஓட்டையாகிவிட்டதால் வெளியே போகிறது.) அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்வை என்மேல்தான் இருந்தது. இதையெல்லாம் முகம் சுளிக்காமல் பார்க்கிற பெண்ணை யார் கட்டுவான் என்ற பார்வை.

படுக்கை, பார்லித் தண்ணீர், உப்பில்லாத கஞ்சி. இவற்றோடு கொய்னாவும் கொடுத்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் அதே கசப்பு மருந்துதான். லூர்து அதைக் குடிப்பாள். குடித்த வேகத்தில் கஞ்சியோடு சேர்த்து வாந்தி எடுப்பாள். காது இரைகிறது என்று அழுவாள். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்குக் கொய்னா எதற்கு? டிரஸ்ஸரைக் கேட்டேன். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். மறுநாள் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரையே பிடித்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த ஊரில் ஏன் இத்தனை பிள்ளைகள் இப்படி வீங்கி வருகிறார்கள் என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். தோலில் வரும் சிரங்குதான் மூலம் என்பது அவருடைய முதல் சந்தேகம். வீக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன் பிள்ளைக்குச் சிரங்கு இருந்ததா என்று ஒவ்வொரு தாயையும் கேட்கும்படி டிரஸ்ஸரிடம் சொல்லியிருந்தார். ஒருத்தி விடாமல் இல்லை என்றிருக்கிறார்கள். காலில் உள்ள தழும்புகள்? எல்லாம் கொசுக்கடி. கொசு என்றதும் அவருக்கு மலேரியா நினைவு வந்திருக்கிறது. மலேரியாவில் ஒரு வகை சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். இரத்தத்தில் கிருமி தெரியவில்லை. ஒளிந்திருக்கலாம் என்று கொய்னா.

அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, லூர்து கால்ல இருக்கறது கொசுக்கடின்னு சொன்னீங்களா?”

“ஆமா. கொசு கடிக்காத ஊரா இது?”

நான் டாக்டரிடம் திரும்பி, அது சிரங்கு என்றேன். இரண்டு காலிலும், முட்டிக்குக் கீழே, சீழ் வைத்த சிரங்கு. புண்ணுள்ள பிள்ளை அடுத்த வருஷம் நன்மை வாங்கலாம் என்று மடத்தில் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில், புதுநன்மையன்று முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்டு மறைத்தார்கள். மாலையில் காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தாள் அம்மா. லூர்து போட்ட கூச்சலில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

நான் சொன்னது ஆங்கிலத்தில். ஆனாலும் என் கை என் காலைக் காட்டியது அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

“வெள்ளைக்காரன் முன்னால வீட்டு மானத்த வாங்கிட்டியே. இதுக்காடி உன்னப் படிக்க வச்சோம்?”

“இதுக்குத்தாம்மா” என்றேன்.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கொய்னாவும் நின்றது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அன்று நண்பகலில் லூர்து தலைவலி என்றாள். சன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. “அக்கா, ஏன் இருட்டா இருக்கு?” என்று கேட்டாள். அவள் கண் திறந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வாய் கோணி, கைகால் வெட்டி இழுத்தது. இரத்த அழுத்தம் (நாளத்தில் இரத்தம் முட்டும் வேகம்) மூளையைத் தாக்கினால் இப்படி ஆகுமாம். பார்வை திரும்பிவிடும் என்று பிற்பாடு சொன்னார்கள்.

டாக்டர் ஒரு ஊசி போட்டார். பேதி உப்பின் கரைசல், வலிப்பை அடக்கும் என்று டிரஸ்ஸர் சொன்னார். அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திக் கேட்டாள்: “கஞ்சியில உப்பு கூடாதாம், ஊசியில மட்டும் கூடுமா?” அது வேறு உப்பு என்று விளக்கினேன். எனக்கே அது சரியாகத் தெரியாது. மாலையில் லூர்து என் தாவணி நிறத்தைச் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

டாக்டர் என்னிடம் உதவி கேட்டார். மற்ற தாய்மாரையும் திரும்பக் கேட்க வேண்டும். டிரஸ்ஸரை விட்டுக் கேட்க வேண்டாம், நீ கேள் என்றார். இந்த ஆராய்ச்சியால் என் தங்கைக்கு என்ன பலன் என்று கேட்டேன். பலனில்லை என்றார். அவளுக்குத் தேவை ஓய்வும் காலமும். இனி வரப்போகும் பிள்ளைக்கு ஒருவேளை உதவலாம். எனக்குக் கோபம் வந்தது. என் தங்கை வீங்கிக் கிடக்கிறாள், இவர் இன்னும் பிறக்காத நோயாளியைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அந்த வார்டில் என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். சரி என்றேன்.

எதிர்க்கட்டிலில் புதிதாக ஒரு பையன். மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து அவன் தாய் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். அவன் காலிலும் அதே வட்டத் தழும்புகள். கேட்டேன். கொசுக்கடி என்றாள். நான் தழும்பைத் தொட்டுக் காட்டினேன்.

“படிச்ச பொண்ணு நீ, கொசுக்கடி தெரியாதா?” என்றாள்.

டிரஸ்ஸர் அந்தப் பையனுக்கும் கொய்னா கொண்டுவந்தார். பையன் குடித்தான். எங்கள் பக்கம் முகம் திரும்பியிருந்ததால், வாந்தி முழுவதும் அம்மாவின் பாய் ஓரத்தில் விழுந்தது.

அம்மா எழுந்தாள். துணியால் தரையைத் துடைத்தாள். பையனின் வாயையும் துடைத்தாள். பிறகு அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல், துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“சிரங்குன்னா சிரங்குன்னு சொல்லிடும்மா. எம் பிள்ளைக்கும் இருந்துச்சு. லேசா.”

லேசாகவா? நான் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொடுத்தேன்.

அந்தத் தாய் மகனின் காலைப் போர்வையால் மூடப் போனவள், மூடாமல் விட்டாள். பிறகு, “இவனுக்கும் லேசாத்தான்” என்றாள். அடுத்த கட்டிலில் இருந்தவள் தன் மகளுக்கு அதைவிட லேசு என்றாள். மாலைக்குள் அந்த வார்டில் கொசுக்கள் எல்லாம் ஒழிந்துபோயின. நான் டாக்டரிடம் ‘லேசாக’ என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

வீக்கம் மெல்ல வடிந்தது. கண்ணாடிக் குழாயில் வெண்மை புகையாகி, பிறகு நிழலாகி, ஒரு காலையில் தண்ணீர் தண்ணீராகவே கொதித்தது. வடிந்த லூர்துவைப் பார்த்து உறவினர்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளையை இளைக்க வைத்துவிட்டார்கள் என்றார்கள். எதிர்க்கட்டில் பையனும் வீடு திரும்பினான். அதைவிட லேசு என்று சொல்லப்பட்ட அந்தப் பெண் குழந்தை திரும்பவில்லை. அவள் தாய் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆராய்ச்சியை எழுதினாரா, எழுதி யாராவது படித்தார்களா, தெரியாது. எழுதினால் தெரிவிப்பதாகச் சொன்னார். நான் இன்னும் எரிச்சலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை நானே இங்கே எழுதிவிடுகிறேன்: சிரங்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மருந்து போடுங்கள், மறைக்காதீர்கள். கேட்கிற டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மானம் காலுறைக்குள் இருப்பதில்லை.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் பள்ளி மணி. இப்போது காலையில் எழுந்ததும் லூர்துவின் காலில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுக்கிறேன். எடுத்த விரலுக்கும் தோல் நிமிர்வதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அதுதான் என் ஒரு நாள். பள்ளியில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் முன் இமையைப் பார்க்கிறேன். காலுறை போட்ட பிள்ளை என்றால் கழற்றச் சொல்கிறேன். பாடம் சொல்ல வந்தவளா, காவலுக்கு வந்தவளா என்று கன்னியர்கள் முணுமுணுக்கிறார்கள். பரவாயில்லை.

லூர்துவுக்கு இது பழகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே, கண்ணைத் திறக்காமல், போர்வைக்குள்ளிருந்து காலை நீட்டுகிறாள். சில நாட்களில் நான் எழுந்து போகும்போது அந்த இடம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. எனக்கு முன்பே அம்மா அழுத்திப் பார்த்திருக்கிறாள்.