கட்டி மாஸ்டரின் இடுப்பு

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கட்டி மாஸ்டர் என்றால்தான் தெரியும். ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவனும் நானும் வேலை செய்கிறோம். அவன் தண்ணீருக்குள், நான் கவுண்டரில். வருகிறவர்களுக்கு உடை, சிலிண்டர், பெல்ட் எல்லாம் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவன் வாயைப் பொறுத்துக்கொள்வதும் என் வேலைதான். அதற்கு மட்டும் சம்பளம் கிடையாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டால் அது ஆளை மிதக்க வைக்கும். அடியில் போய் நிற்க வேண்டுமென்றால் இடுப்பில் ஈயம் கட்டியாக வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வார்த்தெடுத்த ஈயக்கட்டி. பெல்ட்டில் கோத்துவிட்டால் ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் இடுப்பெலும்பைப் பதம் பார்த்துவிடும். இன்னொன்று வலைத்துணிப் பை. உள்ளே மிளகு அளவில் ஈயக்குண்டுகள் இருக்கும். உடம்போடு ஒட்டி வளைந்துகொடுக்கும், உறுத்தாது. ஆனால் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, தையலைத் தடவிப் பார்த்து, நிழலில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் நீச்சல் குளத்தில் கலக்கிற குளோரின் மருந்து துணியை அரித்துவிடும்.

அண்ணன் எப்போதும் கட்டியின் கட்சி. பையைக் கையில் எடுத்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "இது எடையா, தலகாணியா?" என்று கேட்பான். கவுண்டரில் யாராவது பை கேட்டுவிட்டால் போதும், எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நாலு பேர் முன்னால் கிண்டல் செய்வான். கேட்டவர் அசடு வழியக் கட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். அலமாரியில் பைகள் தூசி படிந்து கிடக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தவன், வீட்டில் மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது ஏன்டா இடது கை என்று அப்பா கேட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வலிக்கிறது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து வாங்குவது என்றால் எங்கள் அம்மாவே தலைகீழாக நிற்க வேண்டும். அதை வீரம் என்று அவன் நினைத்தான். வறட்டுக் கௌரவம் என்று நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொஞ்ச நாளாக அவன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதை நான் கவனித்திருந்தேன். கேட்டால், எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன் என்பான். கட்டிகள் அழுத்தி அழுத்தி அவன் இடுப்பு இரண்டு பக்கமும் கறுத்து, எலும்பே தேய்ந்து போயிருந்தது அப்போது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணி பிறகு சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இனிமேல் கட்டி கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்ன செய்தான்? வேறு கடையில் யாருக்கும் தெரியாமல் பைகள் வாங்கினான். அண்ணியிடம் கொடுத்துக் கறுப்புத் துணியில் உறை தைத்து, அதற்குள் நுழைத்துப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். வெளியிலிருந்து பார்த்தால் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த பெரிய மாஸ்டருக்கு முட்டி போனதும், சிலிண்டரில் காற்று நிரப்பும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மனிதர் அங்கேதான் இருக்கிறார், மெஷின் சத்தத்தில் காதும் மந்தமாகிவிட்டது. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் அண்ணன் வேறு பக்கம் பார்ப்பான். இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தால் தன்னையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள் என்று அவன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தண்ணீரை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

மறைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறைக்க ஆரம்பித்த பிறகு கிண்டல் இரண்டு மடங்காகிவிட்டது.

அப்போதுதான் டீச்சர் வந்து சேர்ந்தார். ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுப்பவர். பள்ளி விடுமுறையில் ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். முதல் வகுப்பு முடிந்த மறுநாள் கவுண்டரில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. ஈயக்கட்டி அந்த இடத்துலயே அழுத்துது, வலிக்குது. அந்தப் பை மாதிரி இருக்கறதக் குடுக்க முடியுமா?"

நான் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் அண்ணன் வந்துவிட்டான். "டீச்சருக்குப் பையாம். கூடவே ஒரு போர்வையும் குடுத்துரு, அடியில போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரட்டும்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார், பாவம். முகம் மட்டும் சுண்டிப்போயிற்று. கட்டியையே கட்டிக்கொண்டு போனார். போதாததற்கு, நீங்கள் மிதக்கிறீர்கள் என்று சொல்லி சிலிண்டரோடு மாட்டிக்கொள்கிற அவருடைய காற்று ஜாக்கெட்டின் பையில் இன்னொரு கட்டியையும் இவன் திணித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவனாகப் போய்விட்டானே.

வகுப்பின் கடைசி நாள், குளத்தில் பரீட்சை. எங்கள் குளத்துக்கு ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கவுண்டரில் நின்றால் அடித்தரை வரை தெரியும். இறங்குவதற்கு முன்னால் ஜோடியாக நின்று, ஒருவர் பெல்ட்டை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கிள் பூட்டியிருக்கிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அண்ணனே தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுப்பது அது. டீச்சர் பெல்ட்டை அவன் பார்த்தான். டீச்சர் அவன் இடுப்புப் பக்கம் கை நீட்டியபோது, "என்னுத நான் பாத்துக்கறேன்" என்று விலகிக்கொண்டான்.

இருவரும் அடியில் போய் மண்டியிட்டார்கள். டீச்சர் முகத்தில் இருக்கும் மாஸ்க்கைக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். அவர் கழற்றி, திரும்ப மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றி முடித்தார். அந்த நேரத்தில் அண்ணனின் இடது இடுப்பிலிருந்து கறுப்பாக ஏதோ கொட்டுவதைப் பார்த்தேன். பூச்சியோ என்று நினைத்தேன். ஈயக்குண்டு. உறைக்குள் ஒளித்து, ஈரத்தோடு சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போன பை. ஒரு நாளாவது அலசும் தொட்டிக்கு வந்திருக்குமா? எப்படி வரும், அங்கே நின்று அலசுவது நான்தானே. மருந்துத் தண்ணீர் துணியைத் தின்றிருந்தது. வெள்ளைத் தரை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள் உருண்டன.

இடது பக்கம் இலேசானதும் தண்ணீர் அண்ணனைக் கோணலாக மேலே தூக்கியது. ஜாக்கெட்டிலிருந்து காற்றை விட்டுப் பார்த்தான், மூச்சை முழுக்க விட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மாணவியை அடியில் தனியாக விட்டுவிட்டு மாஸ்டர் மேலே போகிறான். இதைவிடக் கேவலம் எங்கள் தொழிலில் கிடையாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலாளியம்மாவும் அறையை விட்டு வெளியே வந்தார்.

டீச்சர் பதறவில்லை. அவன் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். தன் ஜாக்கெட் பைக்குள் கை விட்டு, அவன் அன்று திணித்ததிலிருந்து அங்கேயே கிடந்த அந்தக் கட்டியை எடுத்து அவனிடம் நீட்டினார். அண்ணன் அதை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மீதிப் பரீட்சையை அப்படியே முடித்துவிட்டு, இருவரும் ஒன்றாக மேலே வந்தார்கள். எனக்கு எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரையில் அவன் கூனிக்குறுகி நின்றான். பெல்ட்டில் காலிப் பை நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா அதைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்க, டாக்டர் சொன்னதை அண்ணன் தலைகுனிந்தபடி சொன்னான்.

"இடுப்பு போச்சுன்னு சொல்லிருந்தா நானே பை வாங்கிக் குடுத்திருப்பேன் மாஸ்டர். பெரிய மாஸ்டருக்கு முட்டியே மடங்கல, அவர் கதை வேற. ஆனா செக் பண்ண விடாம ஒருத்தங்களக் கூட்டிட்டு உள்ள போனீங்களே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான் கரையிலேயே இருக்கிறேன், நீங்களாகக் கூப்பிடும்வரை இறங்க மாட்டேன் என்றான் அண்ணன். தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்களோ என்று எதற்குப் பயந்து செத்தானோ, அதைக் கடைசியில் அவனே சொன்னான். சரி, ஈயம் குளத்துப் பம்புக்குள் போவதற்கு முன்னால் பொறுக்குகிற வேலையை மட்டும் முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா உள்ளே போனார்.

பொறுக்க வேண்டுமானால் அடிக்குப் போக வேண்டும். அடிக்குப் போக எடை வேண்டும். அண்ணன் சொட்டச் சொட்டக் கவுண்டருக்கு வந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். என் கை பழக்க தோஷத்தில் கட்டியின் பக்கம் போனது.

"அது வேணாம்" என்றான். கையை இடுப்பில் வைத்துக் காட்டினான். "கட்டி இங்க அழுத்துது. வலிக்குது. அந்தப் பையக் குடு."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் நான் கேட்காத வார்த்தை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கும் வலிக்குமா மாஸ்டர்?"

"ரொம்ப நாளா வலிக்குது டீச்சர்."

"அப்புறம் ஏன் என்னப் பாத்துச் சிரிச்சீங்க?"

அண்ணன் கவுண்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு வலிக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்" என்றான்.

"அத மறைக்க என் வலிதான் கெடச்சுதா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கணக்கு ஏன் தப்பாயிற்று என்று கேட்கிற குரலில் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கே. மன்னிச்சிருங்க என்று அண்ணன் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. ஈரத் துண்டை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

நான் அலமாரியிலிருந்து பைகளை எடுத்துத் தூசி தட்டி, தையலைத் தடவிப் பார்த்து, அவன் பெல்ட்டில் கோத்தேன். பக்கிளைப் பூட்டிக்கொண்டு அண்ணன் என் முன்னால் கையைத் தூக்கி நின்றான், நான் செக் பண்ணட்டும் என்று. அவன் இடுப்பை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன். பட்டதுமே துடித்துப் போனான். தண்ணீருக்குள் இறங்கினான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தரையில் கவிழ்ந்து படுத்து, ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.