கண்ணுக்கு விட்ட சொட்டு

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. எங்கள் பேட்டை டாக்குரியாவில் முந்தின இரவு பிடித்த மழை இன்னும் விடவில்லை. வழக்கம்போலக் காபிக்கு முன் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. அதிலும் நடுநடுவே ஒன்று வரவே இல்லை. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.

"எண்ணி எண்ணியே அதை நிறுத்திடுவேள் போலிருக்கு," என்றாள் மனைவி. ஆனால் குடையை அவள்தான் எடுத்தாள். இரண்டு வாரமாக மாடிப்படி ஏறினால் எனக்குத் தலை சுற்றுவது அவளுக்குத் தெரியும்.

தெருமுனை டாக்டர் வங்காளி இளைஞர். அவர் பாஷையில் என்னை மேஷோமஷாய், சித்தப்பா, என்பார்; அவளை மாஷிமா, சித்தி, என்பார். ஈசிஜி எடுத்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"இந்தச் சின்ன மேடு, இதயத்தின் மேல் அறைகளில் மின்சாரம் பரவுவது. இந்தக் கூர்முனை, கீழ் அறைகளில். நடுவில் கொஞ்சம் நின்றுதான் போகும். மேலே உள்ள ரத்தம் கீழே இறங்க வேண்டாமா? ஐந்து சின்னக் கட்டம் வரை நிற்கலாம்."

எண்ணினேன். முதல் இடைவெளியில் ஏழு கட்டம், அடுத்ததில் எட்டு, அதற்கடுத்ததில் ஒன்பது. அடுத்த மேட்டுக்குப் பின் கூர்முனையே இல்லை. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். சிக்னல் இறங்கியும் வண்டி வராவிட்டால் வழியில் எங்கோ அடைப்பு என்று தெரியும்.

"பேஸ்மேக்கர் வைக்கணுமா?"

"வேண்டியிருக்கலாம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை."

"அந்தச் சொட்டைச் சொல்லுங்கோளேன்," என்றாள் மனைவி தமிழில்.

"அது கண்ணுக்குடி. இவர் கேக்கறது நெஞ்சுக்கு."

"மாஷிமா என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

சொன்னேன். கண் அழுத்தத்துக்கு, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, இரண்டு வேளை. பாதி கன்னத்தில் வழிகிறதே என்று மே மாதத்திலிருந்து மூன்றாக விட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை கசந்தது, பொருட்படுத்தவில்லை.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "கசந்தது தொண்டைக்கு இறங்கிய சொட்டு, மேஷோமஷாய். மூக்கு வழியாகப் போய் ரத்தத்தில் கலந்துவிடும். இதயத்தில் மின்சாரம் போகும் வழியை மந்தமாக்கியது அதுதான் போலிருக்கிறது. இன்றே கண் டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றுங்கள். மயக்கம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி."

அந்த மழையிலேயே டாக்ஸி பிடித்துக் கண் டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்தை மாற்றிக்கொண்டோம். அடுத்த செவ்வாய் மறுபடி ஈசிஜி. மேட்டுக்கும் முனைக்கும் நடுவே நாலே கட்டம். காகிதம் முழுக்க எண்ணினேன். ஒரு முனைகூடத் தவறவில்லை. நாடி அறுபத்தாறு. வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன்.

"நில்லுங்கோ, நான் வர வேண்டாமா?" என்று கீழே இருந்து குரல் வந்தது.

பேஸ்மேக்கர் செலவுக்கு வேண்டியிருக்கும் என்று வெளியே எடுத்துவைத்திருந்த பாங்க் டெபாசிட் ரசீது பீரோவுக்குத் திரும்பியது. இரண்டு ஈசிஜி, இரண்டு டாக்டர், புதுச் சொட்டு மருந்து, டாக்ஸி எல்லாம் சேர்த்து நானூற்று இருபத்தெட்டு ரூபாய்.