முடி இல்லாத கை

ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் பழைய இரும்புக் கடைக்கு, கண்ணாடி போட்ட அந்த மனிதர் அடிக்கடி வந்து தேய்ந்த அரங்களாகப் பொறுக்குவார். ஒவ்வொன்றையும் தரையில் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அவருடைய இடது முன்கையில் திட்டுத்திட்டாக முடி இருக்காது, நடுவில் கீறல்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "இதை வச்சு என்ன செய்றீங்க சார்?"

"கத்தி, அண்ணாச்சி. போன்ல பாத்துப் படிக்கிறேன். பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா விரிசல் விடுது, எண்ணெயில முக்கினா வளையுது. கூர்மை வந்துச்சான்னு கை முடியைச் சிரைச்சுப் பாப்பேன்."

"யாருக்குக் கத்தி?"

"யாருக்கும் இல்ல. பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க," என்று சிரித்தார்.

நான் பயந்துதான் இருந்தேன். ஏதாவது நடந்தால், இரும்பு எடுத்துக் கொடுத்தவன் என்று போலீஸ் என்னைத்தானே கேட்கும்?

கடைசியாக வந்தபோது அவர் அரத்தைத் தொடவேயில்லை. கையை நீட்டிக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லாமல் குழந்தையின் கைபோல வழவழவென்று இருந்தது. "கத்தி சரியாயிடுச்சு அண்ணாச்சி."

"இனி என்ன செய்வீங்க?"

வழித்த கையைத் தடவிக்கொண்டார். "அதான் தெரியல."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பேப்பரில் கைதானவர்களின் படம் வந்தால், நான் முகத்தை விட்டுவிட்டு இடது கையைத்தான் முதலில் பார்க்கிறேன்.