பாலம் தாண்டினால் எரியும் விளக்கு

கார் பட்டறை வைத்திருப்பவன் நின்றுபோன வண்டிக்குப் பயப்படுவதில்லை; நன்றாக ஓடிக்கொண்டே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கோடு வந்து நிற்கும் வண்டிக்குத்தான் பயப்படுவான்.

என்னோடு சேர்ந்து அவதிப்படும் பழைய கார்க்காரர்களுக்கு அந்த விளக்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சின்னதாக எஞ்சின் படம் போட்டு, ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் எரியும். எங்கேயோ ஏதோ சரியில்லை என்று சொல்லும். எங்கே, என்ன என்று தெளிவாகச் சொல்லாது. ஐம்பதைத் தாண்டிய எனக்கும் உள்ளே அப்படித்தான் இருக்கிறது என்பதால், அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு.

பொட்டு

என் பட்டறை உறையூரில். மருங்காபுரியிலிருந்து ஒரு விவசாயி டயர் மாற்ற வந்தார். அவருடைய டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் நிமிண்டினேன். அடியில் மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இதை மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"அட அது எரியட்டும்ங்க. என் வீட்டுக்காரிதான் அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துக்கிட்டே வருவா. ஒருநாள் அவ நெத்தியில இருந்ததையே எடுத்து ஒட்டிட்டா. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கோம்."

ஸ்ரீரங்கத்து வண்டி

ரங்கராஜன் சாருக்குப் பொட்டு உதவாது. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய வெள்ளைக் காரில் விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டினால், எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்றது. ஏர் ஃபில்டரைத் திறந்தேன். காய்ந்த துளசி இலை இரண்டு கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் துளசிச் செடி இல்லாத வீடு ஏது என்று ஊதித் தள்ளிவிட்டு, புது ஃபில்டர் போட்டு விளக்கை அணைத்து அனுப்பினேன். மறு வாரம் விளக்கு எரிய எரிய வந்தார். சென்சாரை மாற்றினேன். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

இந்த முறை அவர் முகம் வாடியிருந்தது. அவர் மனைவி, மாமிக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. சனிக்கிழமையானால் லால்குடியில் இருக்கும் அக்காவைப் பார்க்க இந்த வண்டியில்தான் போவார். பெங்களூரிலிருந்து வரப்போகும் மகளோ, விளக்கு இன்னும் எரிந்தால் வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

"நான் எப்படியாவது சமாளிச்சுப்பேன், செல்வம். இவ சனிக்கிழமையை எங்கே போய் வாங்கறது?"

காதர் பாயின் கண்டுபிடிப்பு

எங்கள் பட்டறை எலக்ட்ரீஷியன் காதர் பாய் ஒயரிங் முழுவதையும் தடவிப் பார்த்தார். நான் விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக நான் சரிசெய்த வண்டிகள் எல்லாம் நான் செய்துதான் சரியானதா, தானாகவே சரியானதா என்றெல்லாம் யோசனை ஓடியது. பாதிச் சாப்பாட்டில் கையை உதறிய என்னைப் பாய் பார்த்தார்.

"அண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்ல. காவிரிப் பாலத்தைத் தாண்டுனா எரியுது, இங்கிட்டு ஓட்டுனா எரியல. நீங்க பேசாம பாலத்தை ரிப்பேர் பண்ணிடுங்க!"

சனிக்கிழமை காலை

பாய் கிண்டலாகச் சொன்னதில் எனக்குப் பொறி தட்டியது. வண்டியை இங்கே வரவழைத்தே பார்த்தாகிவிட்டது. நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். லால்குடி வரை கூடவே வருகிறேன் என்றதும் இருவருக்கும் சந்தோஷம்.

கிளம்பும் நேரத்தில் சார் கோயிலிலிருந்து கொண்டுவந்த துளசி மாலையை, கைத் தண்டிக்குப் பருத்த மாலை அது, மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியின் முன்கிரில்லின் குறுக்கே இறுக்கிக் கட்டினார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது. வேகமாகப் போகும்போது மாலை அழுந்தி, வாயைப் பொத்திவிடும்.

"பட்டறைக்கு வர்றப்ப இந்த மாலை இருக்காதே, மாமி?"

"பெருமாள் மாலையாச்சே! அங்கே எண்ணெயும் கரியும், போறவா வரவா கால்ல வேற படும். கழட்டி வெச்சுட்டுத்தான் இவர் உங்ககிட்ட வருவார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே தயக்கமும். பெருமாள் மாலையால்தான் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்று மட்டும் சொல்லி, மாலையை உள்ளே டேஷ்போர்டு மேல் வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மாமி ஒரு கணம் மாலையைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார்.

"வெச்சாப் போச்சு! பாவம் பெருமாள், இத்தனை நாளா தூசியிலயும் வெயில்லயும் முன்னாடி தொங்கிண்டு வந்தார். இனிமே உள்ளே ஏசியில வரட்டும்."

மகளின் பரிசோதனை

அடுத்த சனிக்கிழமை மகள் தானே வண்டியை லால்குடிக்கு ஓட்டிப்போய்விட்டு, அப்பா அம்மாவோடு நேரே பட்டறைக்கு வந்து இறங்கினாள். மாலை டேஷ்போர்டில் இருந்தது. விளக்கு எரியவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. பல்பைக் கழட்டிட்டீங்கதானே?"

மருங்காபுரிப் பொட்டு ஞாபகம் வந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, மறுபடி சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்சீட்டில் மாமி "ஐயோ, வந்துடுத்தே!" என்று நெஞ்சில் கை வைத்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அணைந்தது. பல்பு இருக்கிறது, கோளாறுதான் இல்லை; நல்ல வண்டிக்கு அதுதான் லட்சணம் என்றேன். அவள் நம்பாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா, வண்டி இருக்கட்டும். ஆனா நான் ஊர்ல இருக்கற வரைக்கும் பெரியம்மா ஆத்துக்கு நான்தான் ஓட்டுவேன்!"

இப்போதெல்லாம் விளக்கு எரிகிறது என்று யார் வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன், கிளம்பும்போது வண்டியிலிருந்து எதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.