பிராக்டீஸில் மட்டும் அடித்த துரை

போன வாரம் பல்லடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நெடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தைலத்தால்தான், வேறெதுவும் நினைத்துவிடாதீர்கள். ஆனால் அந்த வாசனை வந்தால் கூடவே வாலிபால் கோர்ட்டின் சுண்ணாம்புக் கோடு வரும். பின்னாலேயே துரை வருவான்.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். ஓட்டை, கறை, தையல் விட்டது என்று நாள் முழுக்கக் குறை தேடுகிற வேலை. வேலை முடிந்தும் அந்தப் புத்தி இறங்காது. டீக்கடை வடையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பேன்.

ஞாயிறு காலையில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் விளையாடுவோம். மிஷின் ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும். கேப்டன் செல்லையா அண்ணன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர். பந்தைத் தூக்கிக் கொடுப்பது நான். அடிப்பது துரை, சாமளாபுரத்திலிருந்து வந்த டெய்லர். "கிட்ட" என்றோ "தூரம்" என்றோ குரல் கொடுத்துக்கொண்டே தூக்குவேன். வாய் மூடுவதற்குள் அவன் எகிறியிருப்பான். அந்தப் பக்கம் புழுதிதான் கிளம்பும்.

டோர்னமென்ட்டில் அதே துரை வேறு ஆள். "கிட்ட" என்றால் தூரமாக ஓடுவான். சில சமயம் மரம் மாதிரி நிற்பான், பந்து காலடியில் விழும். கூட்டம் கத்தும், மைக்கில் ஒருவர் கேலி பேசுவார். பல்லடம் டீமிடம் இரண்டு முறை இப்படியே தோற்றோம்.

இரண்டாவது தோல்விக்கு முந்தின நாள், துரை ஒரு பேக்கரியில் பல்லடம் கேப்டனோடு டீ குடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். தோற்றதும் செல்லையா அண்ணனிடம் சொன்னேன்.

"நெசமா பாத்தியால?"

"இந்தக் கண்ணால பாத்தனுங்க. மேட்ச்சை வித்துப்போட்டானுங்க."

நான் பார்த்தது டீயைத்தான். மிச்சத்தை நானே ஒட்டுப் போட்டுத் தைத்தேன். அதன்பின் துரையை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

டீம் பனியனைத் திருப்பி வாங்கி வர என்னைச் சாமளாபுரம் அனுப்பினார்கள். வீட்டுக்குள்ளேயே நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. துரையின் அம்மா ஏதோ சொன்னார், எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவன் அவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னான். வாசலுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன்.

"பல்லடத்துக்காரன்கூட என்னடா பேச்சு உனக்கு?"

"அவுரு எங்க அத்தை பையனுங்ணா."

"அப்பறம் மேட்ச்ல மட்டும் ஏன்டா அப்படி ஆடுன?"

"பொறந்ததுல இருந்து தறிச் சத்தமுங்ணா, காது மந்தம். அமைதியா இருந்தா கேக்கும். கூட்டம் கத்துனா உங்க கொரலு தனியாத் தெரியாதுங்க."

"சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா செவிடன்னு உக்கார வெச்சிருப்பீங்க."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. அவன் உள்ளே திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் "துரை" என்றேன். தறிச் சத்தத்தில் அவன் பாட்டுக்குப் போய்விட்டான். பஸ்ஸில் வரும்போது, ஒருவேளை கேட்டும் கேட்காத மாதிரி போனானோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். செக்கிங் புத்தி.

டீமில் பனியனை மட்டும் கொடுத்தேன். காது விஷயத்தைச் சொன்னால், டீக் கதையைக் கட்டியது யார் என்று கேட்பார்களே.

போன மாதம் செல்லையா அண்ணனைத் தற்செயலாகப் பார்த்தேன். பேச்சு வாலிபாலுக்குப் போனது. "துரை நம்மள வித்துட்டாம்லா" என்றார், பழைய ஜோக் மாதிரி.

"இல்லீங்கண்ணா. கூட்டத்துல அவனுக்குக் காது கேக்காதுங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்."

அவர் சிரிப்பு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தன வருசம் கழிச்சு ஏன் சொல்லுத? அவன் உன்ன வந்து பாத்து இப்படிச் சொல்லச் சொன்னானா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் கோர்ட் இருந்த இடத்தில் இப்போது வடநாட்டுத் தொழிலாளர்களுக்கான விடுதி, நாலு மாடி. கம்பெனி பெயரே மாறிவிட்டது. துரையைத் தேடிப் போனேன், வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். டீமில் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அண்ணனைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எங்கே இருந்தாலும், அவர்களுக்கு இன்றும் துரை மேட்ச்சை விற்றவன்தான்.