தார் பிடித்த கைக்கு ஒரு சம்பந்தம்

ஒழுக்கு அடைக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: மருந்து ஓட்டையில் ஒட்டுவதற்கு முன்னமே கையில் ஒட்டிவிடும். தகர வேலைக்காரர், தோணிப் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பற்றுப் பார்க்கிறவர், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவர் எல்லோரும் என் இனம். நீங்கள் பட்டதெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். வாருங்கள், இருங்கள்; ஆனால் எதையும் தொட்டுவிடாதீர்கள்.

யுத்தத்துக்கு முந்திய வருடங்களில் கோப்பாயில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டில்தான் என் பட்டறை. குங்கிலியத்தை இடித்து, தேங்காயெண்ணெயும் தாரும் சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பாக ஒரு பசை வரும். சனங்கள் அதை ‘மருந்து’ என்பார்கள். தண்ணீர் வாளி, குடை, தோணி, எது ஒழுகினாலும் அதுதான் பூசுவேன். பூசி முடித்தபின் குறட்டைத் தூக்கினால் அரமும் சுத்தியலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூடவே எழும்பி வரும். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கன்னங்கரேலென்று இருக்கும்.

வயது முப்பது தாண்டியும் எனக்குக் கலியாணம் ஆகாததற்கு இந்தக் கைதான் காரணம். சாதகத்தில் ஒரு குறையும் இல்லை. வருகிற ஆவணிக்குள் பெண் அமையாவிட்டால் கொட்டிலைப் பிரித்து அடுப்பெரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லிவிட்டா. சொன்னால் செய்கிற மனுஷி. பெண்ணும் வேண்டும், கொட்டிலும் வேண்டும் என்று நான் தவித்த தவிப்பு உங்களுக்குத்தான் விளங்கும்.

சுறா எண்ணெய்

கையைச் சுத்தம் செய்ய ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் போட்டேன், மருந்து இளகி முழங்கை வரை ஏறியது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு சாம்பல் நிறமானது, அவ்வளவுதான். உமியை அள்ளித் தேய்த்தேன், உமியும் ஒட்டிக்கொண்டது. ஒரு பகல் முழுக்க நான் முள்ளம்பன்றிக் கையோடு திரிந்தேன்.

குருநகரில் இருந்து தோணி வேலையாக வந்த அந்தோனிப்பிள்ளை அண்ணை இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு போத்தல் சுறா எண்ணெய் கொண்டுவந்து தந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், மருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. என் கையின் உண்மையான நிறத்தை நான் கண்டு கனகாலம். ஆனால் அன்று மாலை ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் என் பின்னால் வந்தன. சந்திக்குப் போனால் சந்திக்கு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. படுத்தால் கைமாட்டில் இரண்டு இருந்து நக்கின. அடுத்த கிழமை அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் முறையிட்டேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கறுப்புப் போச்சுதோ இல்லையோ? நான் கறுப்புக்குத்தான் எண்ணெய் தந்தனான் தம்பி, பூனைக்கில்லை.”

மடங்காத குடை

எனக்குப் பெண் தேடியவர் தரகர் வேலுப்பிள்ளை. குடை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. அந்தக் குடை ஒழுகுகிறது என்று ஒருநாள் கொண்டுவந்தார். எனக்குப் பெண் பார்க்கிற மனிதர் அல்லவா, துணியில் மட்டும் பூசாமல் கம்பி, பூட்டு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பூசி, விரித்தபடி வெயிலில் காயவைத்தேன். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. குடையும் மடங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தோம். கொல்லன் உலைக்குப் போகாமல் அது மடங்காது என்று தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். வீடுகளுக்குப் போனால் குடை வேலிப் படலைக்குள் நுழையாது. வெளியே வைத்துவிட்டுப் போன ஒரு நாள் காற்று அதைத் தூக்கிப் புகையிலைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு அவர் படலைக்கு வெளியே, விரித்த குடையின் கீழ் நின்றுகொண்டே சம்பந்தம் பேசத் தொடங்கினார். யார் வீட்டில் என்ன சீதனம் கேட்கிறார்கள் என்பது அந்தத் தெரு ஒழுங்கை முழுக்கத் தெரிந்தது. கோபிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: “உள்ளை இருந்து குசுகுசுக்கிற கதையை இப்ப றோட்டிலை நிண்டு கத்தவேண்டிக் கிடக்கு. ஆனா ஒழுக்கு நிண்டிட்டுது தம்பி, அதிலை குறை சொல்லேலாது.”

மூன்று கறுப்புக் குறி

அப்படிக் கத்தியே எனக்கும் ஒரு இடம் பேசிவிட்டார். பெண்ணின் தாய் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து, கும்பிடுகிற சாட்டில் என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. சுறா எண்ணெய் போட முடியாது. பூனைகள் புடைசூழக் கோயிலுக்குள் போக நான் என்ன ராசாவா? அதனால் காலையில் மண்ணெண்ணெய் போட்டு அரையும் குறையுமாகத் துடைத்துக்கொண்டு போனேன்.

ஐயர் திருநீறு தந்தார். பக்தியோடு வாங்கினேன். மண்ணெண்ணெயில் இளகிக் கிடந்த மருந்து திருநீறு முழுவதையும் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. எனக்கு அது தெரியாது. கண்ணை மூடி, சிவசிவா என்று மூன்று விரலால் நெற்றி நிறைய இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். நெற்றியில் மூன்று கோடு, பளபளவென்று, அட்டக்கறுப்பு. பெண்ணின் தாய் என்னை நன்றாகப் பார்த்தார். வெளி வீதியில் குடையோடு நின்ற தரகரிடம் போய்க் கேட்டார்: “ஆள் சைவமெண்டெல்லோ சொன்னனீர். உது என்ன சமயம்?”

தொட்டு வைக்க வந்தவர்

ஆனி பிறந்துவிட்டது. அம்மா கொட்டிலைப் பிரிக்க ஆள் பேசத் தொடங்கினா. தரகர் கடைசி முயற்சியாக உடுவிலில் ஒரு இடம் பார்த்தார். பெண்ணின் தகப்பன் இராமலிங்கத்தார் மலாயாவில் உத்தியோகம் பார்த்து பென்சனோடு வந்தவர். கோயில் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. பெண் தர மனமில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர்; நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முற்றாகும் வரை பெண் பகுதியார் மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர் வெந்நீர் குடிக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கி, தொட்டு, பக்கத்தில் வைத்துவிடுவார்கள். குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா வீட்டில் இருந்த நல்ல மூக்குப்பேணி என்கிற மூக்கு வைத்த செம்பில் கொதிக்கக் கொதிக்கக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினா. அந்தப் பேணியின் மூக்கு மூட்டில் ஒழுகுகிறது என்று காலையில்தான் நான் சுற்றிவர மருந்து பூசியிருந்தேன். எச்சரிக்க வாய் திறப்பதற்குள் அவர் வாங்கிவிட்டார்.

சூட்டில் மருந்து இளகிவிட்டது. அவர் பேணியை வைக்கப் பார்த்தார், பேணி வரவில்லை. மற்றக் கையால் பிடித்து இழுத்தார். அந்தக் கையும் பிடிபட்டது. இரண்டு கையிலும் எங்கள் வீட்டுக் கோப்பியோடு கதிரையில் இருந்துகொண்டு, சாதகம் பொருந்தவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்குள் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி, “முற்றாப் போச்சு, பேணியை ஏந்திப்போட்டார்” என்று சொல்லிக்கொண்டு ஓடினா. கொஞ்ச நேரத்தில் வெற்றிலையோடும் கற்கண்டோடும் முற்றம் நிறையச் சனம் வந்துவிட்டது.

நான் தேங்காயெண்ணெயும் தவிடும் கொண்டுவந்து, அவர் காலடியில் குந்தியிருந்து, ஒவ்வொரு விரலாக உருவி எடுக்கத் தொடங்கினேன். இவர் கை விடுபட்டால் என் கலியாணமும் விடுபட்டுப் போய்விடும் என்று தெரிந்தும், தொழில் தொழில்தான்; கவனமாகத்தான் துடைத்தேன். அவர் சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கையில் இருந்தபடியே கோப்பியை மடமடவென்று குடித்து முடித்தார். “வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான்” என்றார். “இந்தக் கையோடை வீட்டை போய் என்னத்தைச் சொல்ல? ஆவணியிலை நாள் வையுங்கோ.”

ஆள் மாறாட்டம்

கலியாணத்துக்கு என் கையைச் சுத்தம் செய்தது ஊர்ப் பொது வேலையாக நடந்தது. சுறா எண்ணெய், அதன் மணம் போக அரப்பு, பிறகு தேங்காயெண்ணெயும் தவிடும், பிறகு சவர்க்காரம், கடைசியில் சந்தனம். தோல் ஒரு படை கழன்று, கை பச்சைப்பிள்ளையின் கைபோல வெளுத்துப் போனது. எனக்கே அதைக் காண வெட்கமாக இருந்தது.

மணவறையில் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. என் முகத்தை அவள் முன்பின் கண்டதும் இல்லை. அவள் பார்வைக்கு எட்டியது என் கை மட்டும்தான். தகப்பன் அவள் கையைப் பிடித்து என் கையில் வைக்கப் போனார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். கோப்பாய் மாப்பிள்ளை என்றால் கறுத்தக் கை என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம். ஆளை மாற்றி இருத்திவிட்டார்கள் என்று பயந்துவிட்டாள்.

இராமலிங்கத்தார் என் கையைப் பிடித்து, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரல் விரலாகப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்துக்கடியில் கடுகளவு கறுப்பு, யார் தேய்த்தும் போகாமல் இருந்தது. மகளுக்கு முன்னால் அந்த விரலை நீட்டிக் காட்டினார். அவள் குனிந்தபடியே பார்த்து, தன் நகத்தால் ஒருதரம் சுரண்டியும் பார்த்தாள். அது அசையவில்லை. “ஓம் ஐயா, இவர்தான்” என்று கையைத் தந்தாள்.

ஆகவே, தொழில் தோழர்களே, எந்த எண்ணெய் போட்டாவது கையைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் நீங்கள்தான் நீங்கள் என்று சாட்சி சொல்ல ஒரு நகத்துக்கடியிலாவது கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.